மூன்றாவது ஆமென்

அன்று குடும்ப ஜெபம் முடிந்தபோது மூன்று ஆமென் கேட்டது. வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

சாலோமி கண்ணைத் திறந்தாள். பக்கத்துப் பாயில் முழங்காலிட்டிருந்த தேவசிகாமணி கட்டில் விளிம்பைப் பிடித்து வழக்கம்போல எழும்பிக்கொண்டிருந்தார். வாசலில் காலையில்தான் கட்டிய காகித நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் சன்னல் கம்பிகளுக்கு நடுவே தரையில் விழுந்து கிடந்தது. மழை விட்ட வயலில் தவளைகள் ஓயாமல் கத்தின. அச்சுமுறுக்கு சுட்ட எண்ணெய் வாடை அடுப்படியை விட்டு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போடப் போனாள். அந்த வீட்டுக்காரர்கள் கங்கைகொண்டானில் வேலை கிடைத்து வீட்டைப் பூட்டிப் போனது கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒடிசா மலைக்காட்டில் வாலிபத்தையெல்லாம் ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டு, வயதான பிறகு சேரன்மகாதேவியில் வந்து அடங்கிய தம்பதி அவர்கள். மலையில் அவர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஆமென் சொல்லும் வரை யாரும் முழங்காலிலிருந்து எழும்பக் கூடாது. புதிதாக ஒருவர் ஜெபத்துக்கு வந்தால், அவர் வாய் திறந்து ஜெபிக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்றாலும் அந்தச் சட்டங்கள் ஓய்வு பெறவில்லை. இப்போது சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் அவர் மாலை ஜெபத்தில் உட்காருவார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஷஃபீகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொன்னது சாலோமியிடம். அவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மறுநாள் அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஆமென் என்றார். அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு, இருவருக்கும் நடுவில், இடுப்பு உயரத்திலிருந்து, காய்ந்த தொண்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற சின்னக் குரலில் இன்னொன்று. கூடவே ஒரு வாடை. காய்ச்சலில் வேர்த்து வேர்த்துக் காய்ந்த பிள்ளைத் தலையின் புளித்த வாடை. அந்த வாடையை அவள் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

மகள் கெத்சியாளுக்கு அப்போது ஆறு வயது. மலையில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஜீப் வாசலில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று சொல்லி அவர் உபவாச ஜெபம் வைத்தார். அம்மா, தண்ணி என்று பிள்ளை கேட்டது. மறுபடியும் கேட்டது. சாலோமி எழும்பப் பார்த்தபோது, கண்ணைத் திறக்காமலே அவர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். அப்படியொன்றும் கனமான கை இல்லை. உதறியிருக்கலாம். அவள் உதறவில்லை. ஜெபம் முடிந்தபோது பிள்ளை தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தது.

அதைத்தான் அவர் ஒவ்வொரு டிசம்பரிலும் சபை சபையாகப் போய்ச் சாட்சி சொல்லுவார். பிள்ளை சிரித்த முகத்தோடு போனதாகவும், கடைசியாகச் சொன்ன வார்த்தை ஆமென் என்றும் சொல்லுவார். போன வாரம் திசையன்விளையில் சொன்னபோதுகூடச் சனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து சாலோமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை வருஷமும் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தாள், வெட்கங்கெட்டவள்.

இப்போது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"கேட்டியா சாலோமி? பிள்ள வந்திருக்கா."

"அது வேண்டாங்க. நம்ம பிள்ள ஆமென்னு சொல்லவேயில்ல."

"நீ மறந்துட்ட," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் அவர் பரணிலிருந்து ஒரு சின்னப் பாயை எடுத்துத் தட்டி, இரண்டு பாய்களுக்கும் நடுவில் விரித்தார். ஊசியும் போட்டுக்கொண்டார். இன்றைக்கு மட்டும் சாப்பிட்டுவிட்டு ஜெபிக்கலாம் என்று அவள் கெஞ்சினாள். கர்த்தரைக் காக்கவைத்துவிட்டு வயிற்றை நிரப்புவதா என்று கேட்டுவிட்டு அவர் முழங்காலிட்டார். மயக்கம் வந்தால் கரைத்துக் கொடுக்கச் சீனி டப்பாவும் தண்ணீர்ச் செம்பும் அடுப்படி மேடையில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருந்தன. அதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு அவளும் முழங்காலிட்டாள்.

அவர் ஜெபித்தார். அவள் ஜெபித்தாள். பிறகு அவர் நடுப்பாயின் பக்கம் தலையைத் திருப்பி, மலையில் புது விசுவாசிகளிடம் பேசுகிற அந்தக் கனிந்த குரலில் சொன்னார்.

"கெத்சி, இப்ப உன் முறை. ஜெபிம்மா."

காத்திருந்தார்கள்.

எப்போதோ தவளைகள் அடங்கியிருந்தன. கடிகாரச் சத்தம் மட்டும். கோரைப்பாய் நெறிபடுகிற ஓசை ஒன்று, யாரோ முழங்காலை மாற்றி வைப்பதுபோல, நடுப்பாயிலிருந்து வந்தது. புளித்த வாடை கனத்தது. எதுவும் பேசவில்லை அது. மூச்சு மட்டும் விட்டது. அவருடைய நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பி மூக்கு நுனியில் சொட்டியதை அவள் பார்த்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

போதும் என்று தோன்றியது. "ஆமென்," என்றாள்.

"ஆமென்," என்றார் அவரும். நாக்கு குழறியது.

மூன்றாவது ஆமென் வரவில்லை.

அவள் எழும்பப் பார்த்தாள். தரையில் ஊன்றிய அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. சின்னக் கை. கொதிக்கிற கை.

தெருவில் கஞ்சிராச் சத்தம் கேட்டது. வீடு வீடாகப் பாடிவருகிற கீதபவனிப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே வந்து நின்று பாடத் தொடங்கினார்கள். சபையில் பாட்டு நடத்துகிற ஹெப்ரான் அண்ணாச்சியின் தலை கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. சாலோமி வாயைத் திறந்தாள். கூப்பிடத்தான் திறந்தாள். ஆத்தாடி, காப்பாத்துங்க என்று கத்தத்தான் மூச்சை இழுத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமென்."

"ஆமென்," என்றார்கள் வெளியே நின்ற பிள்ளைகள், ஒரே குரலில், மரியாதையாக.

"ஐயா முழங்கால்ல நிக்காவ," என்று ஹெப்ரான் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. "சத்தம் போடாதீய. பைய வாங்கலே."

கஞ்சிராவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் அடிமேல் அடி வைத்துப் போனார்கள். செருப்புச் சத்தம் கால்வாய்ப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

"சாலோமி." அவர் பக்கவாட்டில் சரிந்தார். கன்னம் சின்னப் பாயில் படிந்தது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சாலோமி. தண்ணி."

செம்பு தெரிந்தது. சீனி டப்பா தெரிந்தது.

"தண்ணி."

கை அழுத்தியது.

"தண்..."

அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, திறந்தபடி, வெகுநேரம், பிறகு பார்க்காமலும். அவர் தலைக்கு மேலே, காற்றில், காய்ந்த தொண்டை ஒன்று மெல்லச் செருமிக்கொண்டது.

"அம்மா, எழும்பாதீய. நான் இன்னும் ஜெபிக்கவே ஆரம்பிக்கல."

நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சத்தில் சாலோமி குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதன் மேல் ஒன்றும் இல்லை. ஐந்து சின்ன விரல்களுக்குக் கீழே தோல் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது.

அப்படியொன்றும் கனமான கை இல்லை. அவள் உதறவில்லை.