கறுப்பு, வெள்ளி, மஞ்சள்

கடிதத்தில் வெள்ளி என்று எழுதியிருந்தது. விளக்கின் கீழே இருந்ததோ கறுப்பு.

ரோஸ்விதா கெம்மர் கட்டைவிரலை வாயில் வைத்து உறிஞ்சியபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கடிதத்தை வாசித்துக்கொண்டே இடது கையால் அட்டைப் பெட்டியின் பஞ்சுக்குள் துழாவி அந்தப் பதக்கத்தை எடுத்திருந்தாள், கையுறை போடாமல். கையுறைகள் பக்கத்திலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஆனால் இந்தத் தொழிலில் பழகிய ஆட்கள் முதல் தொடுகையை வெறும் விரலுக்குத்தான் கொடுப்பார்கள். அச்சில் அடித்த உலோகத்துக்கு விளிம்பில் ஒரு கடி இருக்கும். வார்த்தெடுத்த போலி சோப்புத் துண்டு போல வழுக்கும். இது கடித்தது. பின்பக்கத்து ஊசி கட்டைவிரலுக்குள் இறங்கி வெளியே வந்திருந்தது.

"குத்திடுச்சா?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டீலமன்.

"பரவாயில்ல. கடிதத்துல வெள்ளின்னு போட்டிருக்கீங்களே, ஹெர் டீலமன்?"

"போன வாரம் பார்த்தப்ப வெள்ளியாத்தான் இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவர் பதக்கத்தைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் உலகப் போரின் கடைசி வருடத்தில், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த பதக்கம் அது. நீள்வட்ட இலை வளையம், நடுவே இரும்புத் தொப்பி, அதன் பின்னால் குறுக்கே இரண்டு வாள்கள். ஒன்றோ இரண்டோ காயம் என்றால் கறுப்பு. மூன்று, நான்கு என்றால் வெள்ளி நிறம். ஐந்தும் அதற்கு மேலும் மங்கிய மஞ்சள். முப்பது வருடமாகப் பழைய பதக்கங்களுக்கு அசலா போலியா என்று சான்று எழுதிக் கொடுப்பவள் ரோஸ்விதா. கறுப்பை வெள்ளி என்று யாரும் தவறிப்போய் எழுதுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதினால் அதற்கு ஒரு நோக்கம் இருக்கும்.

டீலமனின் கைகளைக் கவனித்தாள். இடது கையில் இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. வலது உள்ளங்கையில் ஒன்று. காதுக்குக் கீழே ஒன்று. புதுப் பதக்கத்தைப் பழையதாக்க அமிலத்தில் போட்டு எடுக்கிறவர்களின் கைகள் இப்படித்தான் இருக்கும். பெட்டியை அவளிடம் தள்ளியபோதுகூட அவர் அதை வெறும் கையால் தொடவில்லை. சூடான பாத்திரம் இறக்குகிற துணியால் பிடித்துத் தள்ளினார். கைரேகை படக்கூடாது என்று நினைக்கிற ஆள்.

நாளை காலை பத்து மணிக்கு எர்ஃபுர்ட்டில் மதிப்பீட்டாளர் சங்கத்தின் மூன்று பேர் உட்கார்ந்து அவள் பெயரைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். போன வருடம் அவள் அசல் என்று முத்திரை குத்திய ஒரு சிலுவை, கரண்டிகளை உருக்கி வார்த்த போலி என்று தெரிந்துபோயிற்று. இன்னொரு தவறு நடந்தால் முப்பது வருடம் முடிந்தது. இறந்துபோன வோல்க்மார் டீலமனின் சேகரிப்பைப் பற்றி இன்று அவள் எழுதும் அறிக்கையைத்தான் நாளை அவர்கள் முன் வைக்கப்போகிறாள். மற்ற நாற்பத்தொரு பதக்கங்களையும் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டாள். எல்லாம் சுத்தம். இது ஒன்றுதான் பாக்கி.

"காப்பி கொண்டு வர்றேன்" என்று எழுந்தார் டீலமன். வோல்க்மாரின் தம்பி. எழுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. மேசையின் முனையில் இடித்துக்கொள்ளாமல், நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனார். வழுக்கும் பனியில் நடப்பவர் போல.

அவர் போனதும் ரோஸ்விதா லைப்சிக்கில் இருக்கும் ஊவெயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவனும் இதே தொழில்தான்.

"என்ன ரோஸி, கரண்டி ஏதாவது கெடச்சுதா?" போன வருடத்திலிருந்து அவன் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறான்.

"போடா கிழவா. இதக் கேளு. டீலமன் வீட்டுல காயப் பதக்கம் ஒண்ணு. கடிதத்துல வெள்ளின்னு எழுதியிருக்கான், பெட்டியில கறுப்பு இருக்கு."

"ரெண்டு வச்சிருப்பான். நல்லதக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு மத்ததத் தள்ளி விடுவான். புள்ளி வையி."

"அதான் வைக்கப் போறேன்."

"அண்ணங்காரன் வோல்க்மார் அப்படிப்பட்ட ஆளில்ல, பாவம். கடைசியில மூளை குழம்பிடுச்சு. ஒரு நாள் போன் பண்ணி, ஊவெ, நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதே இல்லடாங்கிறான். ரொட்டிகூட வெட்டறதில்லையாம். நான் சிரிச்சுத் தொலச்சேன்."

"எப்படிச் செத்தான்?"

"நாற்காலியிலதான்" என்றான் ஊவெ. பிறகு, "கேக் குடுத்தா எனக்கும் ஒரு துண்டு கட்டிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் பதக்கத்தைக் காந்தத்திலும் தராசிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, ஊசியின் கீல் மறைக்கும் இடத்தில், மயிரளவு தூரிகையால் ஒரு பச்சைப் புள்ளி வைத்தாள். தண்ணீரில் கழுவினால் போய்விடும் மை. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி மாற்றட்டும் பார்க்கலாம்.

மூன்று மணிக்கே வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நவம்பர் மாதத்தில் இந்தக் காட்டோர வீடுகளுக்குள் பகல் வந்து உட்காருவதே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கணப்பில் நிலக்கரிக் கட்டி எரிகிற வாசனை, மரத் தரையில் பூசிய மெழுகின் வாசனை, அதற்கெல்லாம் அடியில் பழைய காசுகளை உள்ளங்கையில் வெகுநேரம் மூடி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. சுவருக்கு வெளியே போர்த்தியிருந்த கருங்கல் ஓடுகள் குளிரில் சுருங்கி ஒவ்வொன்றாக முனகின. வீட்டுக்குள் கத்தி எதுவும் கண்ணில் படவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். டீலமன் கொண்டு வந்து வைத்த கொடிமுந்திரி கேக்கைக்கூட யாரோ கையால் பிய்த்திருந்தார்கள்.

"நீங்க எடுத்துக்கலையா?"

"நான் கோப்பை, தட்டு எதுலயும் வாய் வைக்கறதில்ல இப்ப. நீங்க குடிங்க, ஃப்ராவ் கெம்மர். ஆறிடும்."

குடித்தாள். கோப்பையின் விளிம்பு கீழுதட்டைக் கிழித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லு உடைந்திருந்தது போலும். வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. டீலமன் எழுந்து வந்து துணி கொடுக்கவில்லை. உதடுகள் லேசாக அசைய, எதையோ தனக்குள் சொல்லிக்கொண்டார். அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"ரெண்டு."

"என்ன சொன்னீங்க?"

"சர்க்கரை. ரெண்டு போட்டேன்."

அவள் கோப்பையில் சர்க்கரையே இல்லை.

இவன் என்னைப் பதற வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பதறினால் கண் தவறும். கண் தவறும்போது மாற்றுவான். போன வருடமும் இப்படித்தான், பேச்சுக் கொடுத்தே கவிழ்த்தார்கள். விளக்கை இன்னும் கிட்டே இழுக்க அவள் எழுந்தாள். மேசையின் கீழ் இழுப்பறை எப்போது திறந்துகொண்டது என்று தெரியவில்லை. அதன் முனை முழங்காலுக்குக் கீழே காலுறையைக் கிழித்து எலும்பில் இடித்தது. வலி கண்ணை இருட்டியது. குனிந்து தொட்டாள். ஈரம்.

நிமிர்ந்தாள்.

விளக்கின் கீழே பதக்கம் வெள்ளியாக இருந்தது.

டீலமன் அவருடைய நாற்காலியில்தான் இருந்தார். அவருக்கும் பதக்கத்துக்கும் நடுவில் மேசையின் முழு அகலமும் கிடந்தது. அவ்வளவு தூரம் கை நீட்டியிருக்க முடியாது. ஆனால் முடிந்திருக்கிறது. எப்படியோ முடிந்திருக்கிறது. அவளுக்குள் பயத்தைவிட முதலில் வந்தது ஒரு கொடூரமான சந்தோஷம். பிடித்துவிட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பதக்கத்தைத் திருப்பினாள்.

கீலுக்குப் பின்னால் பச்சைப் புள்ளி இருந்தது.

அவள் வைத்த புள்ளி. அவளுடைய தூரிகையின் இடது பக்கம் வளைந்த ஒரு மயிரின் சுவடோடு.

ஓடு ஒன்று முனகியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கறுப்பாக இருந்தபோது தாவி ஒட்டிக்கொண்ட பதக்கம் இப்போது அசையவில்லை. தராசில் வைத்தாள். எடையும் வேறு.

"நீங்க வெளியில போங்க" என்றாள்.

"ஃப்ராவ் கெம்மர்..."

"நான் தனியாப் பார்க்கணும். வெளியில போங்க ஹெர் டீலமன். இல்லேன்னா இப்பவே போலின்னு எழுதிட்டுக் கிளம்பிடுவேன்."

அவர் வாதாடவில்லை. அதே பனி நடையில் வெளியே போனார். அவள் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். பழைய இரும்புச் சாவி. பாதியில் சிக்கிக்கொண்டது. அழுத்தித் திருப்பியபோது அதன் பிசிறு சுட்டுவிரலின் உட்பக்கத்தைக் கோடாகத் திறந்தது.

அங்கேயே நின்றாள்.

கட்டைவிரல். உதடு. கால். விரல்.

அவள் திரும்பி மேசையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என்ன நிறத்தில் இருக்கும் என்று தெரியும். மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே நிறம்தான்.

நாற்காலிக்குப் போனாள். ஒவ்வொரு அடியாக. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி. தான் எப்படி நடக்கிறாள் என்பது பாதி வழியில் உறைத்தது. உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், உள்ளங்கைகள் மேலே பார்க்க.

கிளம்பிவிடலாம். கிளம்ப வேண்டுமென்றால் அந்தச் சாவியை மறுபடி திருப்ப வேண்டும். வாசலில் மூன்று கல்படிகள், மேலே ஈர இலைகள். பிறகு காரின் கதவு, கண்ணாடி, இருட்டிவிட்ட மலைப்பாதையில் பதினெட்டு வளைவுகள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்திராத ஒன்று உலகத்தில் இருந்தது. விளிம்பு. எல்லாவற்றுக்கும் விளிம்பு இருந்தது. காகிதத்துக்குக்கூட.

கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம்.

"எத்தனை, ஃப்ராவ் கெம்மர்?"

அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள்.

"எனக்கு நாலு வரைக்கும் வந்துச்சு. அண்ணன் போனதும் பெட்டிய நான்தான எடுத்து வச்சேன். அப்புறம் உங்க கைக்கு மாறிச்சு. மாறினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். நான் கெட்டவன் இல்லீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"அஞ்சு வந்தா?" என்றாள்.

வெளியே மூச்சு நின்றது.

"அண்ணன் நாற்காலியிலதான் இருந்தாரு. எந்திரிக்கவே இல்ல. ஒரு வாரம் சாப்பாடெல்லாம் நான் ஊட்டி விட்டேன். சுத்திப் பஞ்சு வச்சிருந்தோம். காயம் உடம்புல எங்கதான்னு டாக்டருக்கே கண்டுபிடிக்கத் தெரியல."

ஆடவில்லை. அசையவில்லை. மெதுவாக மூச்சு விட்டாள். விளக்கு வட்டத்துக்குள் வெள்ளி, சாம்பல் கலந்த வெள்ளி, ஒவ்வொரு இலையும் கூர்மையாக. நாளை பத்து மணி. மூன்று பேர். இங்கேயே விடியும்வரை இப்படி இருந்துவிட்டால்? யாராவது வருவார்கள். ஊவெ கூப்பிடுவான். கையை அசைக்காமல் எப்படி எடுப்பது என்று யோசித்தாள்.

அப்போது இலை வளையத்தின் அடி நுனியில் ஒரு நிறம் எழும்பியது. காய்ந்த சுண்ணாம்பில் நீர் ஊறுவதுபோல. ஓர் இலை. அடுத்த இலை. வாள்களின் பிடி.

மஞ்சள்.

இல்லை. எதுவும் படவில்லை. எதுவும் வலிக்கவில்லை. கைகளைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மணிக்கட்டு. ஒன்றும் இல்லை. நாக்கால் வாய்க்குள் தேடினாள். கழுத்து. வயிறு. எங்கே?

எங்கே.

தொப்பியின் உச்சியும் மஞ்சளானது.

நாற்காலிக்கு அடியில் மரத்தரையில் ஒரு சொட்டு விழும் சத்தம். சற்று இடைவெளி. இன்னொன்று.

இது அசல். நூறு வருடத்தில் எந்த மதிப்பீட்டாளர் கையிலும் வராத அசல். அந்த எண்ணம் தெளிவாக, கிட்டத்தட்ட அமைதியாக வந்தது. அவள் அறிக்கைத் தாளை இழுத்தாள், இனி விளிம்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு என்ற எண்ணுக்கு நேரே அசல் என்று எழுதினாள். எழுத்து நேராக இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள்.

சொட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பிறகு இடைவெளியே இல்லை. கதவின் கீழ் இடுக்கு வழியாக மெல்லிய ஒரு கோடு நடைக்கூடத்துக்குள் போனது. அங்கே நின்றிருந்த டீலமன், இரண்டு பாதங்களையும் மிகக் கவனமாக, ஒவ்வொன்றாக, பின்னால் எடுத்து வைத்தார்.