குலுங்காமல் நின்ற கார்

கார் நின்ற விதம்தான் மரகதத்துக்குப் பிடிக்கவில்லை. அது திக்கவில்லை, குலுங்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவர் வாயை யாரோ பொத்தியதுபோல் இஞ்சின் சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அந்த மாதம் முழுக்க இப்படித்தான்.

தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்துத் தூசி நுரையீரலில் தங்கிவிட்ட அப்பாவை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பதால், நாற்பது வயதுக்குமேல் ஓட்டக் கற்று அவள் வாங்கிய பழைய கார் அது.

விவேக் நகர் மெக்கானிக் கில்பர்ட் பெட்ரோல் பில்டரை மாற்றினார், சென்சாரை மாற்றினார். பிறகு சாவியிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்து ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அவளோடு ஏறி உட்கார்ந்தார்.

"வண்டி நிக்கும்போது இது எரிஞ்சா பெட்ரோல் பக்கம் கோளாறு. அணைஞ்சா கரண்ட்டு வரலைன்னு அர்த்தம்மா."

ஈஜிபுரா சிக்னலைத் தாண்டியதும் பல்ப் அணைந்தது. இஞ்சினும் அடங்கியது. கில்பர்ட் குனிந்து சாவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ ஆஃப் பண்ணியா?"

"நான் ஏண்ணே பண்றேன்?"

சாவி ஸ்விட்சையும் புதிதாகப் போட்டார். அப்படியும் நின்றது. கூலி வேண்டாம் என்றார். "வித்துடும்மா."

"என் வண்டிண்ணே. நான் ஏன் விக்கணும்?"

அடுத்த நாள் ஹெப்பகோடியில் வேலை முடிந்து மேம்பாலச் சாலையில் ஏறியபோது நல்ல மழை. வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, முன்னால் போகும் லாரிகளின் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் கரைந்து வழிந்துகொண்டிருந்தன. காருக்குள் ஈரமண் வாசனை. மழையின் வாசனை இல்லை, வெகுகாலம் மூடிக் கிடந்த இடத்தின் வாசனை.

பல்ப் அணைந்தது.

வைப்பர் பாதியில் நின்றது. பின்னால் லாரி ஹாரன் அலறியது. மரகதம் சாவியைப் பார்த்தாள். அது பின்னோக்கித் திரும்பியிருந்தது.

முன்னால் திருப்பினாள். இஞ்சின் உறுமியது. கையை எடுத்ததும் சாவி அசைந்தது. அவசரமில்லாமல், தெரிந்த கை திருப்புவதுபோல், பின்னால் போனது.

அடுத்த கணம் கோபம் வந்தது.

"விடு," என்றாள் சத்தமாக. "எங்கப்பா காத்திருக்காரு. விடு!"

திரும்பவும் ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை வலது கையால் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். சாவி அவள் விரல்களுக்குள் முறுக்கியது. வலித்தது. விடவில்லை. பல்ப் மினுக்கியது, எரிந்தது, மினுக்கியது.

"நீ யாரா வேணா இரு. நான் எறங்க மாட்டேன்."

முறுக்கல் நின்றது. பல்ப் நிலையாக எரிந்தது. அவள் சிரித்தேவிட்டாள்.

முன்னால் லாரி வேகம் குறைத்தது. க்ளட்ச்சை மிதிக்கக் காலை நீட்டினாள்.

பெடல் ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

அதன்மேல் ஒரு பாதம். வெறும் பாதம். ஈரம்.

"காலை எடு," என்றாள். ஓங்கி மிதித்தாள்.

முனகல் அவள் பிடரிக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. இருக்கைக்குள்ளிருந்து. முதுகுக்குப் பின்னால் ஏதோ மூச்சிழுத்து மெல்ல உப்பியது. இரண்டு தொடைகள் அவள் தொடைகளுக்கு அடியில் நகர்ந்தன. அவள் உட்கார்ந்திருந்தது ஒரு மடியில்.

மரகதம் சாவியை விடவில்லை.

அவள் இரு தோள்களுக்கும் வெளியே, மண் அப்பிய இரண்டு கைகள் நீண்டு வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தன.