எத்தியேனின் சப்பாத்து

வண்டிக்காரன் பாவாடையின் மாட்டுவண்டி, ஊரின் பெரிய தேவாலயமான சம்பா கோவிலின் வாசலில் வந்து நின்றபோது ஆலைச் சங்கு இன்னும் ஊதவில்லை. தை மாதப் பனி கடற்கரையிலிருந்து ஊருக்குள் வந்து, தெருவிளக்குகளைப் பஞ்சு சுற்றியதுபோல மங்க வைத்திருந்தது. கோவில் படிகளில் நாற்பது பேர் முக்காடும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். யாரோ பித்தளைக் கூஜாவைத் திறந்து கறுப்புக் காப்பி ஊற்றினார்கள்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கொடி மாறினாலும், லூர்து மாதா திருநாளுக்கு முதல் நாள் வில்லியனூருக்கு நடந்து போவது மாறவில்லை. முதலில் நெல்லித்தோப்பு, அடுத்து ரெட்டியார்பாளையம், கடைசியில் வில்லியனூர். ஒவ்வொரு கோவிலிலும் நின்று, அதன் கதையைக் கேட்டு, செபம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். கதை சொல்லி அழைத்துப் போகிறவன் ரேமோன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவன். அவன் கையில், நடைக்குத் தாளமாக அடிக்க ஒரு சிறிய மணி இருந்தது.

"முசியே ரேமோன், இந்த வருஷமாவது கதைய சுருக்கிச் சொல்லு. போன வருஷம் நீ முடிக்கிறதுக்குள்ள என் காலு ஆறிப்போயி, மறுபடி வலிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் இவோன். ஐம்பது வயதுக்காரி. உரத்த குரல்.

"கதை வேணாம்னா வண்டில ஏறிக்குங்கக்கா. பாவாடை பாடிக்கினே வருவாரு."

"அந்தப் பாட்டுக்கு உன் கதையே தேவல."

சிரித்தபடி திரும்பிய ரேமோன், கடைசிப் படியில் மதலேன் அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவள் மடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

மூட்டையில் இருந்தது அவள் மகன் எத்தியேனின் சப்பாத்து.

எத்தியேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாச் சண்டைக்குப் போய் மூன்று வருஷம். அவனுக்காக அம்மா ஒரு ஜோடி தோல் சப்பாத்து வாங்கி வைத்திருந்தாள். அவனோ பட்டாளத்து பூட்ஸோடு கப்பல் ஏறினான். "வந்து போட்டுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். சண்டை ஓய்ந்தது. எதிரியிடம் பிடிபட்டவர்கள்கூட ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எத்தியேனைப் பற்றி மட்டும் சேதி இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தூர தேசத்தில் இருப்பவருக்காக வேண்டிக்கொள்பவர், அவருடைய காலணியைக் கையில் சுமந்து வருவார். ஒவ்வொரு கோவிலிலும் பீடத்துக்கு முன் அதை வைத்துப் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் ஒரே குரலில், "நடத்திக் கூட்டிவாரும் தாயே" என்பார்கள். இறந்தவருக்குக் காலணி கிடையாது, மெழுகுத்திரி மட்டும்தான். "இளைப்பாறச் செய்யும் தாயே" என்பது அதற்கான பதில். இரண்டையும் மாற்றிச் சொல்லக் கூடாது. உயிரோடு இருப்பவரை இளைப்பாறச் சொல்லக் கூடாது. போய்ச் சேர்ந்தவரை நடக்கச் சொல்லவே கூடாது. எந்தப் பதில் வேண்டும் என்பதைச் சுமப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். மற்ற யாருக்கும் அந்த உரிமை இல்லை.

ரேமோனின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

தெருவுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் தபால்காரர் அவனிடம்தான் கொடுப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவன் படித்துச் சொல்வான். நான்கு நாளுக்கு முன் வந்த அந்தக் கடிதம் மதலேன் அம்மாளுக்கு. கைதிகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனார்களாம். பூட்ஸுகளை முன்பே பிடுங்கிவிட்டார்களாம். வெறுங்காலோடு முப்பத்தாறு நாள் நடந்த எத்தியேன், ஒரு வயல் வரப்பில் உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லையாம். கூட நடந்து திரும்பிய ஒருவன் எழுதிக்கொடுத்த சாட்சி அது.

ரேமோன் அதை நான்கு முறை படித்தான். அவள் வந்து கேட்டபோது, "விசாரிச்சிட்டிருக்காங்களாம்மா" என்று சொல்லிவிட்டான். நடைக்காக ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருபோது இருக்கத் தொடங்கிவிட்டவள். நடை முடியட்டும், மாதா கோவிலில் வைத்துச் சொன்னால் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தான்.

அதுதான் அவன் செய்த தப்பு.

கோவிலுக்குள் ஈர மெழுகின் வாசனை. மதலேன் அம்மாள் பீடத்துக்கு முன் மண்டியிட்டு மூட்டையை அவிழ்த்தாள். புதுத்தோல் மெழுகுத்திரி ஒளியில் மின்னியது. அடித்தோல் கன்றுக்குட்டியின் நாக்குபோல வெளுத்திருந்தது. அளவுக்காகக் கடைக்காரன் சுண்ணக்கட்டியால் எழுதிய எட்டாம் எண்கூட அழியவில்லை.

"எத்தியேன். என் மவன்" என்றாள்.

"நடத்திக் கூட்டிவாரும் தாயே" என்றன நாற்பது குரல்கள்.

ரேமோனின் உதடுகளும் அசைந்தன. அசையாமல் இருந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயம்.

நெல்லித்தோப்பை அடைந்தபோது விடிந்திருந்தது. ஆனால் பனி விலகவில்லை. எந்தப் படை எந்தக் கோவிலை இடித்தது, மறுபடி யார் கட்டினார்கள் என்று ரேமோன் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் இவோன் மூக்கைச் சுளித்தாள்.

"என்னா சேத்து நாத்தம் இது? நாத்து நடுற வயல்ல நிக்கிறாப்பல இருக்குது."

ரேமோனுக்கும் வந்தது அந்த வாடை. தேங்கிய தண்ணீர், அழுகிய வைக்கோல், அட்டை ஊரும் சேறு. கோவிலுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

மதலேன் அம்மாள் சப்பாத்தை எடுத்து வைத்தாள். எட்டாம் எண் அழிந்திருந்தது.

துணியில் உரசி அழிந்திருக்கும் என்று ரேமோன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நடத்திக் கூட்டிவாரும் தாயே."

சாலையில் இருபுறமும் புளியமரங்கள் பனியில் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. முன்னால் செபமாலை சொல்லும் குரல்கள். பின்னால் வண்டிச் சக்கரத்தின் கிறீச்சு. உழவர்கரைக்காரனான பாவாடைக்கு இந்த நடையின் வழக்கமெல்லாம் தெரியாது. கால் ஓய்ந்தவர்களை ஏற்றிக்கொள்வது மட்டும்தான் அவன் வேலை. அவன் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்து ரேமோனின் தோளைத் தொட்டான்.

"ஐயா, கடைசியா ஒரு தம்பி வர்றான் பாருங்க. நொண்டிக்கினே வர்றான். ஏறிக்கடான்னா மாட்டேன்னு தலைய ஆட்டுறான்."

"யாரு?"

"யாரு கண்டா. பட்டாளத்துச் சட்ட போட்டுக்கினு இருக்கான். முழங்கால் வரைக்கும் சேறு. ஆனா கால்ல மட்டும் புதுச் சப்பாத்து."

ரேமோன் திரும்பிப் பார்த்தான்.

வண்டிக்குப் பின்னால் வெறும் பனி.

"இப்பதான் இருந்தான்" என்றான் பாவாடை. "வாய தொறந்து ஒரு வார்த்த பேசல. பாவமா இருந்துச்சு ஐயா. தூங்கிக்கினே நடக்கிறவன் மாதிரி."

வண்டியைத் தாண்டிப் போய்ச் சாலையின் புழுதியைப் பார்த்தான் ரேமோன். நாற்பது பேரும் வெறுங்காலோடு நடந்த தடங்கள். அவற்றின்மேல், எல்லோருக்கும் கடைசியாக, ஒரு சப்பாத்துத் தடம். ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது.

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவன் மணியை அடிக்க மறந்தான். முன்னால் போனவர்கள் நின்று அவனைப் பார்த்தார்கள். இப்போதே சொல்லிவிடலாமா? மதலேன் அம்மாள் மூட்டையைப் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு வாய் வரவில்லை. மணியை அடித்தான்.

ரெட்டியார்பாளையத்துக் கோவிலில் அவளால் குனிய முடியவில்லை. பக்கத்தில் இருந்த இவோன் உதவிக்கு மூட்டையை வாங்கி, அவிழ்த்து, ஒரு சப்பாத்துக்குள் கைவிட்டுத் தூக்கினாள். மறு நொடி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சப்பாத்து தரையில் விழுந்த சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது.

"என்னாக்கா?" என்றான் ரேமோன்.

காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"உள்ள சூடா இருக்குது. இப்பதான் கால விட்டுக் கழட்டுனாப்பல."

மதலேன் அம்மாள் காதில் அது விழவில்லை. அல்லது விழாததுபோல இருந்தாள். மகனின் பெயரைச் சொன்னாள்.

"நடத்திக் கூட்டிவாரும் தாயே."

இந்தத் தடவை ரேமோன் சொல்லவில்லை. அந்தக் குரல்கள் அடங்கியதும், கோவிலின் பின்பக்கம், கதவுக்கு அருகில், ஒரு பெருமூச்சு கேட்டது. நெடுந்தூரம் நடந்தவன், உட்கார்ந்த இடத்திலிருந்து மறுபடி எழுந்திருக்கச் சொல்லும்போது விடுகிற மூச்சு.

அதன்பின் காலடிச் சத்தம்.

ஒன்று ஊன்றி, ஒன்று இழுத்து.

வில்லியனூர் வந்தபோது உச்சி வெயில். பனி இருந்த இடம் தெரியவில்லை. மாதா கோவிலுக்கு முன்னால் குளம் தகடுபோல அசையாமல் கிடந்தது. எல்லோரும் படிகளில் இறங்கிக் கால் கழுவினார்கள். மதலேன் அம்மாள் மட்டும் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ரேமோன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கடிதத்தை எடுத்தான். மடிப்பைப் பிரித்தான்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்."

படித்தான். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வரப்பில் உட்கார்ந்த இடம் வந்தது. அதையும் படித்து முடித்தான்.

அவள் அழவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்த வைக்காதீங்கம்மா" என்றான். "உள்ள மெழுகுத்திரி ஏத்துவோம். இளைப்பாறட்டும்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னாத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. முப்பத்தாறு நாள் நடந்திருக்கான். இன்னிக்கும் காலையிலேருந்து நடக்கிறான். போதும்மா."

மதலேன் அம்மாள் மெதுவாக மூட்டையை அவிழ்த்தாள். சப்பாத்துகளைக் கவிழ்த்து அவன் மடியில் வைத்தாள்.

அடித்தோல் தேய்ந்து காகிதம்போல ஆகியிருந்தது. வலது குதிகால் ஒருபக்கமாகக் கரைந்திருந்தது. வலதுகாலின் பெருவிரல் இடத்தில் ஓட்டை. ஓரமெல்லாம் ஈரச் சேறு.

"நெல்லித்தோப்புலயே எனக்குத் தெரியும்" என்றாள். அவள் முகத்தில் மூன்று வருஷமாக யாரும் பார்க்காத ஒரு வெளிச்சம். "சின்னதுலேருந்து அவனுக்கு வலது குதிகால்தான் மொதல்ல தேயும். நீயே பாரு தம்பி. செத்தவன் நடப்பானா?"

ரேமோன் அந்தக் குதிகாலை விரலால் தடவினான்.

"அந்தக் காயிதத்த எவனோ எழுதினான். இத என் மவன் தேச்சிருக்கான். நான் எத நம்பட்டும்?"

"அம்மா, அவன் களைச்சுப் போயிருக்கான்."

"தூரத்துலேருந்து வர்றவன் களைக்க மாட்டானா? வந்து சேரட்டும். சேர்ந்தா என் மடில தூங்குவான்."

கடிதம் வந்த அன்றே படித்திருந்தால் அழுதிருப்பாள். அழுது, மெழுகுத்திரி ஏற்றி, மகனைப் போக விட்டிருப்பாள். நான்கு நாள் தாமதமும் மூன்று கோவில்களும் அவள் கையில் இப்படி ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டன.

அவள் எழுந்து கோவிலுக்குள் போனாள். கிழிந்த சப்பாத்தை மாதாவின் முன் வைத்தாள். தெளிந்த குரலில் பெயரைச் சொன்னாள். நாற்பது பேரும் பதில் சொன்னார்கள். ரேமோன் மட்டும் தலையைக் குனிந்து, "இளைப்பாறச் செய்யும் தாயே" என்று முணுமுணுத்தான்.

அவன் தோளுக்குப் பின்னால் யாரோ விசும்பினார்கள். சேற்று வாடை வந்தது. அவன் திரும்பவில்லை.

அடுத்த தையில் மதலேன் அம்மாள் புது ஜோடி வாங்கிவந்தாள். அதற்கடுத்த தையிலும். ஒவ்வொரு வருஷமும் வில்லியனூர்க் குளத்துப் படியில் உட்கார்ந்து தேய்ந்த அடித்தோலைத் தடவிப் பார்த்து, "பக்கத்துல வந்துட்டான்" என்பாள். அவள் வீட்டுச் சுவரோரம் கிழிந்த சப்பாத்துகள் வரிசையாக நின்றன. ரேமோன் வருஷந்தோறும் அவளிடம் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. வழிகாட்டுகிற வேலையை அவனால் விடவும் முடியவில்லை. அவன் வராவிட்டால் அந்தக் கடைசி ஆளுக்காக முணுமுணுக்க யாரும் இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம். ரெட்டியார்பாளையம் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே பனி கலையாத இடத்தில், பாவாடை வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். தலை நரைத்திருந்தது. ஏழு வருஷமாக அந்தத் தம்பியை வண்டியில் ஏறச் சொல்லி அலுத்துப்போனவன், இப்போதெல்லாம் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

"ஐயா" என்றான். கண்கள் கலங்கியிருந்தன. "இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் அவன் வாயத் தொறந்தான்."

ரேமோன் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

முன்னால், மார்போடு அணைத்த மூட்டையுடன் மதலேன் அம்மாள் போய்க்கொண்டிருந்தாள். முதுகு வளைந்துவிட்டது. ஆனால் நடை தளரவில்லை.

"என்னா சொன்னான்?"

"இன்னும் எத்தினி கோவில் இருக்குன்னு கேட்டான் ஐயா. நான் என்னான்னு சொல்றது?"