ஃபென்னாவுக்கு ஒரு மணி நட்சத்திரம்

ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடவில்லை. ஓடினால் தரை வழியாகக் காலுக்குத் தெரியும். பிறகு எந்தக் காற்றில் சுற்றுகிறது அந்த மணி நட்சத்திரம்?

ஹில்கே தேநீர்க் கெண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கோப்பைக்குள் தேநீரின் சூடு பட்ட கற்கண்டு விரிசல் விடும் சத்தம் அடங்கிய பிறகும் முன்னறையிலிருந்து மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன. நவம்பர் மாதத்துப் பிற்பகல், அதற்குள் இருட்டிவிட்டது. கடலணையைத் தாண்டி வந்த மூடுபனி சமையலறை ஜன்னலில் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் கணகணப்பு மட்டும் ஒழுங்கில்லாமல், யாரோ ஒரு கூடைக் கரண்டிகளைக் கல்தரையில் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல் வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கணவன் ஐலர்ட் நகத்தில் காய்ந்துபோன பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மோட்டாரை அணைச்சியா?"

"மத்தியானமே அணைச்சேன். காத்துப் பெட்டியில மிச்சம் இருக்கும்."

"இவ்வளவு நேரமா?"

"அவ்வளவு இறுக்கமா செஞ்சிருக்கேன்னு அர்த்தம். ஒரு தடவை பாராட்டினா உன் வாய் தேஞ்சுடாது."

முன்னறையிலிருந்த அந்தச் சிறிய குழல் ஆர்கன் அவனுடைய அக்கா ஃபென்னாவுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல் இவர்களோடேயே இருந்தவள். நுரையீரல் கெட்டு, இந்த வசந்தத்தில்தான் போனாள். தேவாலயங்களின் பெரிய ஆர்கன்களில் இருப்பதுபோல் தன்னுடையதிலும் ஒரு மணி நட்சத்திரம் வேண்டும் என்று வருஷக்கணக்காகத் தம்பியை நச்சரித்திருந்தாள். அவள் செத்த பிறகு இவனுக்கு நேரம் கிடைத்தது. மரத்தகடுகள் வைத்த ஒரு காற்றாடிச் சக்கரம், அதன் அச்சில் பித்தளை மணிகள், வெளியே தெரியும்படி பொன்முலாம் பூசிய நட்சத்திரம். காற்றுப் பெட்டியிலிருந்து ஒரு ஈயக்குழாய் சக்கரத்துக்குக் காற்றைக் கொண்டுவரும். பட்டறையில் தினமும் அந்தக் குழாயில் வாய் வைத்து ஊதித்தான் தகடுகளைச் சரிபார்த்தான்.

இன்று இறந்தோர் ஞாயிறு. காலையில் ஹில்கே தனியாகத்தான் தேவாலயத்துக்குப் போனாள். அந்த வருஷத்தில் செத்தவர்களின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிக்க, பெயருக்கு ஒரு முறை மணி அடித்தது. அடி ஓயும்வரை காத்திருந்து அடுத்த பெயர். ஃபென்னாவின் அடி ஓய்ந்தபோது தன் தோளிலிருந்து எதுவோ இறங்கியதை ஹில்கே உணர்ந்தாள். வீடு திரும்பும்போது தெருவிலேயே கேட்டது, இந்தக் கணகணப்பு.

"கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு முன்னாடி யாராவது நட்சத்திரத்தைச் சுத்த விடுவாங்களா?" என்று அப்போதே கேட்டாள்.

"அவ பேரை வாசிக்கிற நேரம் பார்த்து ஓட விட்டேன். அவளும் கேட்கட்டுமே."

"ஒரு பேருக்கு ஒரு அடிதான், ஐலர்ட். அதோட விட்டுடணும்."

"சர்ச்சுல ஒண்ணு, என் வீட்டுல ஆயிரம். எங்க அக்காவுக்கு எதுக்குக் கஞ்சத்தனம்?"

ஒரு அடி என்றால் போ என்று அர்த்தம். ஓயாத அடி என்றால்? அந்த நினைப்பை அவள் அப்போது முடிக்கவில்லை. இப்போது முடிக்கப் பயந்தாள்.

ஏனென்றால் மணிகள் ஒரே சீராக ஒலிக்கவில்லை. வேகமெடுத்தன, தளர்ந்தன, கிட்டத்தட்ட நின்றன, மறுபடி வேகமெடுத்தன. மோட்டார்க் காற்றுக்கு இப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. போன குளிர்காலம் முழுக்க, சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மூச்சை இழுத்து இழுத்து விடுவதை இந்தப் பக்கம் படுத்துக் கேட்டவள் ஹில்கே. இது கடைசி இழுப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் வேண்டிக்கொண்டவள். அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

ஐலர்ட் எழுந்து முன்னறைக்குப் போனான். அவளும் போனாள், அவனை அங்கே தனியாக விட முடியவில்லை. அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

அறையில் ஃபென்னா மார்பில் தடவிய யூகலிப்டஸ் தைல வாசனை. அதற்கு அடியில், மாதக்கணக்காகக் கழுவிக் கழுவி ஹில்கே போக்கிய நோய்ப்படுக்கையின் இனிப்பு நாற்றம். விளக்கொளியில் நட்சத்திரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐலர்ட் மண்டியிட்டு, காற்றுப் பெட்டியிலிருந்து ஈயக்குழாயின் முனையைப் பிடுங்கினான்.

நட்சத்திரம் நிற்கவில்லை.

குழாய் அவன் கையில் அந்தரத்தில் தொங்கியது. அதன் வாயில் ஈரம் பனித்திருந்தது.

"அவளால முடியல, ஹில்கே," என்றான். முகத்தில் பயமே இல்லை. "பாரு, எப்படித் திணறுறா."

"கீழே போடு அதை."

அவன் வாய் வைத்து ஊதினான். மணிகள் துள்ளின. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஊதினான். மறுபடியும். கழுத்து நரம்பு புடைத்தது. மணிகள் சிரிப்பதுபோல் ஒலித்தன.

"போதும், ஐலர்ட்."

ஊதினான்.

நட்சத்திரம் நின்றது.

எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னலில் பனி. விளக்கு.

பிறகு அது சுற்றத் தொடங்கியது. எதிர்ப்பக்கமாக.

அவன் ஊதவில்லை. கன்னங்கள் உள்ளே குழிந்தன. பல்வரிசை தோல் வழியாகத் தெரிந்தது. கைகள் குழாயைப் பிடித்துத் தள்ளின. உதடு விடுபடவில்லை. உதடு நீலம். விரல் நீலம். மணிகள் வேகமாக. இன்னும் வேகமாக.

ஹில்கே அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அது வெறும் சட்டைபோல் லேசாக இருந்தது.

குழாய் தானாகவே அவனை விட்டது. அவன் சரிந்தான். கண் திறந்தபடி. மார்பு அசையவில்லை.

குழாயின் முனை காற்றில் எழும்பி நின்றது. காற்றை உறிஞ்சிக்கொண்டே. மெல்லத் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக வந்தது. அவள் நெற்றி மயிர் அதை நோக்கிப் பறந்தது.

"ஹில்கே." ஆர்கனின் குழல்களிலிருந்து, எல்லாவற்றிலிருந்தும். ராத்திரிகளில் ஃபென்னா தண்ணீர் கேட்ட அதே பொறுமையில்லாத குரல். "கொஞ்சம். கொஞ்சம் மட்டும்."

ஹில்கே இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். மூச்சை உள்ளேயே நிறுத்தி, மெதுவாக, இல்லை என்று தலையசைத்தாள்.