சுவரைப் பார்த்த பெட்டி

"ஏதாச்சும் வேணும்னா வலது கையைத் தூக்குங்க அத்தை. நான் கீழ ஆபீஸ்ல டிவில பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"எனக்கென்ன கண்ணு வேணும். நீ போயி வேலையப் பாரு."

மாமியார் தெய்வாத்தாள் பக்கவாதத்தில் விழுந்த புதிதில் பேசிய பேச்சு அது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும், ஆபீஸ் மேசையில் இருந்த அந்தப் பழைய மானிட்டரைப் பார்க்கும்போதெல்லாம் தரணிக்கு அது காதில் விழுந்தது. வீட்டுக்குக் கீழே ஓடும் பனியன் துணி நிட்டிங் யூனிட்டுக்குப் புது கேமராக்கள் வந்தபோது மூலையில் ஒதுக்கிய, பின்பக்கம் வயிறு தள்ளிய பெட்டி. மாடி அறையில் அத்தையின் கட்டிலுக்கு மேலே மாட்டிய கேமராவை அதோடுதான் இணைத்திருந்தார்கள். படம் தெரியும். சத்தம் வராது.

இன்று அதைக் கழற்றிவிட்டு, எல்லாக் கேமராவுக்கும் சேர்த்து ஒரு புது எல்.இ.டி. மாட்ட கேமரா மெக்கானிக் ராபின் வந்திருந்தான். ஒயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது. படம் அணையவில்லை.

சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் கட்டிலின் கோடுகள் மங்கலாக நின்றன. ராபின் பனியன் துணியால் அழுத்தித் துடைத்தான்.

"போவாதுக்கா. ஒரே படம் மாசக்கணக்கா நின்னா கண்ணாடிக்குள்ளயே பதிஞ்சிரும். கட்டில் அசையாதுல்லா, அதான்." குனிந்து பார்த்தான். "ஆனா இது கையில்லா? அசையிற கை எப்படிப் பதியும்? நாள்கணக்கா தூக்கியே வச்சிருந்தாத்தான் உண்டு."

தரணியின் கணவன் முகிலன் எழுந்து வந்தான். பார்த்தான். அவன் கண்கள் கலங்கின.

"எங்கம்மா கை. ஆசீர்வாதம் பண்றாப்ல இருக்குது பாரு, தரணி." ராபின் பக்கம் திரும்பினான். "இதை எடைக்குப் போட வேண்டாம். மேல அம்மா ரூம்லயே வெச்சிரு. இவ எங்கம்மாவை எப்படிப் பாத்துக்கிட்டா தெரியுமா? பெத்த புள்ளகூட அப்படிப் பாக்காது. இந்தப் பெட்டிய உட்டு கண்ணையே எடுக்க மாட்டா."

"நீங்க குடுத்து வச்சவிய, அண்ணாச்சி."

தரணி தரையைப் பார்த்தாள்.

முதல் மாதம் அவள் ஓடத்தான் செய்தாள். கை உயரும், மாடியேறுவாள். தண்ணி வேணுங்களா? தலை அசையும், வேண்டாமென்று. ஃபேன் போடட்டுங்களா? வேண்டாம். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா" என்பார். ஊரே எழுந்து நின்று கும்பிட்ட மனுஷி. அடியில் விரித்த, பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி நனைந்திருப்பதைத் தன் மருமகளிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தரணிக்கு மூக்கு இருந்தது. தெரிந்தது. கேட்டால் மாற்றலாம் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. காலையும் மாலையும் வந்து போகும் ஆயா சீனியம்மாள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இறங்கிவந்தாள்.

பிறகு கை இறங்காமல் நின்றது. கொசுவலைக் கம்பியில் சாய்த்துவைத்த கை. பில் போட உட்காரும்போதெல்லாம் எதிரே அது. ஒருநாள் தரணி பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். முகிலன் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் நேராக்குவாள். கடைசி நாள் சாயங்காலம், விறைத்துப்போன அந்தக் கையைக் கம்பியிலிருந்து எடுத்து மடக்க சீனியம்மாள் பட்ட பாட்டை முகிலன் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தரணி மாடியேறினாள். அந்தப் படத்தை இன்னொரு ஆள் உற்றுப் பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும். ஒரு துணியையாவது போர்த்திவிட வேண்டும். கீழே டீ நேரத்துக்கு நிட்டிங் மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். நாள் முழுக்கச் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த இரைச்சல் வடிந்த பிறகு, அதற்கடியில் வேறொரு சத்தம் இருந்தது தெரிந்தது. ஊசிபோல மெலிந்த ரீங்காரம். அந்தப் பெட்டி ஓடும்போது வருகிற சத்தம்.

வெறும் கட்டிலுக்கு எதிரே, அலமாரித் தட்டில் பெட்டி இருந்தது. முகிலன் செவ்வந்தி மாலை போட்டிருந்தான். ஒயர் சுருட்டியபடி மேலேயே கிடந்தது.

செவ்வந்தி வாசம் வரவில்லை. ஈரப் பனியன் துணியின் புளித்த வாசம் வந்தது. துவைத்துக் காயப்போட்டு, கடைசியில் எரித்தும்விட்ட துணிகளின் வாசம்.

அவள் பெட்டியைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கனத்தது. திருப்பிவிட்டு மூச்சு வாங்கினாள். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி அவளைப் பார்த்திருந்தது.

மறுபடி வந்தாள். வலது கையை நீட்டினாள். திரைக்கு அருகே போனதும் கையின் ரோமங்கள் சிலிர்த்து நின்றன. உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியது. உள்ளேயிருந்த கையின் மேல். விரலுக்கு விரல் சரியாக.

இழுத்தாள். வந்தது. ஆனால் இறங்கவில்லை.

இடது கால் மரத்தது. இடது தோள். கன்னம். பின்னால் நகர்ந்து, உட்கார்ந்த வாக்கில் கட்டிலில் விழுந்தாள். கை மட்டும் மேலேயே. கூப்பிடப் பார்த்தாள். நாக்கு தடித்துக் கிடந்தது.

பிறகு, புடவைக்கடியில், வெதுவெதுப்பாக.

ஐயோ.

படியில் செருப்புச் சத்தம். முகிலன். அவன் இப்படிப் பார்க்கக் கூடாது. அவன் மட்டும் கூடாது.

"கீழ புது டிவில பாத்தேன். ஏன் புள்ள, கையைத் தூக்கிட்டே உக்காந்திருக்கறே? என்ன வேணும்?"

சொல்ல வேண்டும். காப்பாத்துங்க என்று. வாய் கோணலாக அசைந்தது.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

அவன் மூக்கைச் சுருக்கினான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். அந்தத் திருப்பலை அவளுக்குத் தெரியும்.

"செரி. சீக்கிரம் கீழ வா."

கதவு நோக்கி நடந்தான். அவன் தோளுக்கு அப்பால் பெட்டி. கண்ணாடிக்குள் கட்டிலின் கோடுகள் மட்டும்.

கை இல்லை.

தரணியின் வாய் தானாகத் திறந்தது. அவளுடையதல்லாத குரல், குழறி, கூசி, மெல்ல வெளியே வந்தது.

"கண்ணு… துணி நனைஞ்சு போச்சு, சாமி. மாத்தி உடறயா?"