சர்க்கரை தின்னும் மூளை

போன் அலறியது.

ஸ்கேன் டாக்டர் எடுத்தாள். மறுமுனையில் ஆராய்ச்சிக்கூட டைரக்டர். அவளுடைய சித்தப்பா.

"என்னம்மா... எலி என்ன சொல்லுது?"

அவள் திரையைப் பார்த்தாள்.

பக்கவாதம் வரவழைத்து, புது மருந்து கொடுத்த எலி அது. கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஏற்றினால், உயிருள்ள மூளை அதைத் தின்று திரையில் சிவப்பாய் ஜொலிக்கும். அடிபட்ட பகுதி இருண்டு கிடக்கும். போன ஸ்கேனில் பாதி மூளை கும்மிருட்டு!

இன்று... முழுக்க ஜொலித்தது.

"நம்பவே முடியலை சித்தப்பா!"

"நம்பு! மத்தியானமே உங்கப்பாவுக்கு மருந்தை ஏத்திடலாம். அண்ணன் எழுந்து நடக்கட்டும்!"

அப்பா... இந்தக் கூடத்தையே உருவாக்கியவர். ஸ்ட்ரோக்கில் வலது கை துவண்டு, பக்கத்துக் கட்டட வார்டில் கிடக்கிறார்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மனசு நெருடியது.

இவ்வளவு சுத்தமாகவா குணமாகும்?

மயங்கிக் கிடந்த எலியைப் புரட்டினாள். கழுத்து ரோமத்தை விலக்கினாள். ரத்தக்குழாயை அடைக்க அங்கேதான் கீறித் தைத்திருந்தார்கள்.

தையல் இல்லை. தழும்பும் இல்லை!

எலிக்கூடத்துக்கு ஓடினாள். எலிகளைப் பராமரிப்பவர் திகைத்தார்.

"அண்ணே, காலையில இங்க யாரு வந்தா?"

"டைரக்டர் சார் மட்டுந்தாம்மா. 'நீ கொஞ்சம் வெளிய இரு'ன்னாரு..."

குளிர்பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு பை. உள்ளே விறைத்த எலி. கழுத்தில் தையல். மூக்கில் உறைந்த ரத்தம்!

குணமாக்கவில்லை... மருந்து கொன்றிருக்கிறது!

வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள். அடுத்து இன்னொரு போன்.

பிறகு சித்தப்பாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"எலியை ஏன் மாத்தினீங்க?"

அவர் அசரவில்லை.

"லேட்டும்மா. ஊசி போட்டாச்சுன்னு நர்ஸ் இப்பதான் சொன்னா."

"அவர் உங்க கூடப்பிறந்தவர்!"

"அவர் இருக்கிறவரைக்கும் நான் வெறும் தம்பி! எத்தனை காலம் அந்த நிழல்லயே நிக்கிறது? எலி பிழைச்சுது, மனுஷன் பிழைக்கலை. ஸ்கேன் பார்த்தது நீ. என்னை எவன் சந்தேகப்படுவான்?"

அவள் சிரித்தாள்.

"நர்ஸை அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான் சித்தப்பா. ஊசி அப்பா பக்கமே போகலை. உங்க வாயாலயே வரவைக்கணுமே!"

அவர் முகம் வெளிறியது.

வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் விலங்கு.

"கையை நீட்டுங்க சார்... இதை நாங்க எலிக்கெல்லாம் மாட்டிப் பார்க்கிறதில்லை. நேரா மனுஷனுக்குத்தான்!"