கீழேயே கிடந்த முள்

உச்சி வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டிக் கிழிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வந்து சேர்ந்தும், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள், குளிர்ச்சியைக் குறிக்கும் C என்ற எழுத்தை விட்டு ஒரு நூல்கூட ஏறவில்லை. காளீஸ்வரன் மீட்டர் கண்ணாடியை விரலால் சுண்டினான். முள் படுத்தே கிடந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பழைய கார் புரோக்கரான காளீஸ்வரன் ஒரு வண்டியை விற்கவே அந்த ஆயிரத்தையும் செலவழிப்பவன். ஆனால் இந்த வெள்ளை டீசல் வண்டி ஐந்து மாதமாக அவன் வீட்டு வாசலில் நின்று அவனைத் தூங்கவிடவில்லை. இன்றைக்கே தொலைத்துவிட வேண்டும். பாம்பனில் நெய்னா முகம்மது காத்திருந்தார். சவுதியில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர். "மீட்டரு அத்தனையும் வேலை செய்யணும் தம்பி, அதுல மட்டும் ஏமாத்திராதீங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

அதனால்தான் ராமநாதபுரத்தில் மெக்கானிக் பர்வேஸின் பட்டறையில் நிறுத்தினான்.

பர்வேஸ் எஞ்சினை ஓடவிட்டு, சென்சார் வயரைப் பிடுங்கி இரும்பில் தொட்டான். முள் துள்ளிச் சூட்டைக் குறிக்கும் H-க்குப் போனது. எடுத்தான், விழுந்தது. புது சென்சார் மாட்டினான். C.

"வயரும் மீட்டரும் நல்லாத்தான் இருக்குண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குன்னு தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டி எறிஞ்சிருப்பாய்ங்கன்னு நெனச்சேன். அப்பிடின்னா எஞ்சின் குளுந்து கெடக்கணும்." ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸைத் தொட்டவன் ஸ்ஸென்று கையை உதறினான். "இது கொதிக்குது. முள்ளுதான் பொய் சொல்லுது."

காளீஸ்வரன் அதே ஓஸை அழுத்திப் பிடித்தான். மண்பானையைத் தொட்டது போல் குளிர்ச்சியாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இவன் வேலை தேடுகிறான், தனக்கே வித்தை காட்டுகிறான்.

டீ வந்தது. காளீஸ்வரன் ஒரே மடக்கில் குடித்தான். ஆறிப்போன டீ. பர்வேஸ் தன் டம்ளரை இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.

"எப்பிடிண்ணே குடிச்சீங்க? ஆவி பறக்குது."

நாக்கில் ஏதோ மெல்லிசாக உரிந்து நின்றது. பாலாடை என்று துப்பிவிட்டு வண்டியில் ஏறினான்.

"ஓட்டாதீங்கண்ணே, ஆற விடுங்க" என்றான் பர்வேஸ் பின்னாலிருந்து. காளீஸ்வரன் காதில் வாங்கவில்லை.

உச்சிப்புளி தாண்டும்போது அந்த வேப்பமரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே வண்டி அங்கேதான் நின்றுபோனது. அன்றைக்கு இன்னொருவர் விலை பேசிப் பக்கத்திலேயே நின்றார். எஞ்சின் சூடேறும் வண்டி அது. வாங்குபவர் கண்ணில் படாமல் இருக்க, முந்தின நாளே சென்சார் வயரைப் பிடுங்கி விட்டிருந்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார் மெக்கானிக் கூத்தையா. ரேடியேட்டர் மூடியில் கையை வைப்பதற்கு முன், எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"மீட்டரு என்னடா காட்டுது, காளி?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வியாபாரம் போகும்.

"C-லதான் நிக்குதுண்ணே. சும்மா தொறங்க."

கொதிநீர் முகத்தில் அடித்தது. ஒன்பது நாள் கிடந்து செத்தார். அவர் மனைவி உமாமகேஸ்வரி காளீஸ்வரன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புருசனுக்குச் சூடு தெரியவிடாமப் பண்ணுனேல்ல? ஒனக்கும் தெரியாமப் போகட்டும்டா!" பிடுங்கிய வயரை விபத்து நடந்த மறுநாளே மாட்டிவிட்டிருந்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மண்டபம் கடந்ததும் கடல்காற்று மணலை வாரி ரோட்டில் போட்டது. கருவாட்டு வாடை. அதோடு இன்னொரு வாடையும் வந்தது, வெந்த ரப்பர், வெந்த இறைச்சி. ஸ்டியரிங் கையில் பிசுபிசுத்தது. அவனுக்கு வியர்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது.

இறங்கினான். பானெட்டைத் தூக்கினான். ஆவி இல்லை, சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் அவனும் வண்டியும்.

முதுகுக்குப் பின்னால் மணலில் செருப்புத் தேயும் ஓசை.

"மீட்டரு என்னடா காட்டுது, காளி?"

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஓடிவிடு என்றது மனது. கால் வரவில்லை. வாய் மட்டும், ஆயிரம் தடவை பொய் சொல்லிப் பழகிய வாய், தானே திறந்தது.

"C-லதான் நிக்குதுண்ணே."

"அப்பத் தொற."

கை போனது. அவன் கைதான். வேண்டாம் என்றான். மூடியில் அமர்ந்தது. சில்லென்றிருந்தது. திருகியது. கால் சுற்று. அரைச் சுற்று.

தண்ணீர் பீறிட்டு அவன் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் அடித்தது.

குளிர்ந்த தண்ணீர். கிணற்றில் விடியலில் இறைத்தது போல அவ்வளவு சுகமான குளிர்ச்சி. காளீஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். ஒன்றுமில்லை. வெறும் பிரமை. இரண்டு கையாலும் ஏந்தி இன்னும் கொஞ்சம் முகத்தில் அடித்துக்கொண்டான்.

எதிரே வந்த மீன்காரப் பெண் அவனைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டாள். "அய்யோ!" என்று அலறிக்கொண்டே பின்னால் போனாள்.

இவளுக்கு என்ன வந்தது? தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். விரித்துப் பார்த்தான்.

துண்டில் அவன் மீசை இருந்தது.

அப்போதுதான், வண்டிக்குள்ளே, அந்த முள் C-யை விட்டு அசைந்து மெல்ல ஏறத் தொடங்கியது.